அரூஸ் ஹாஜியாரின் வியாழக்கிழமை நோன்பு

கெலிஓயாவில் அரூஸ் ஹாஜியாரைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் நேற்று வந்தவனாகத்தான் இருப்பான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்ன மனிதர். கம்பளை பஸ் ஸ்டாண்டில் சீப்பும் கண்ணாடியும் கூவி விற்றவர், இன்று மூன்று மாடி ஹாட்வெயார் கடைக்குச் சொந்தக்காரர். பட்டம் படித்தவர்கள் அவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள். வெள்ளம் கடைக்குள் புகுந்தபோதும், கலவரத்தில் ஷட்டரில் கல் விழுந்த நாளிலும் கதிரையை விட்டு எழும்பாதவர்.

அப்படிப்பட்டவரை எழுப்பியது அவருடைய வயிறுதான்.

முதலில் உடம்புச் சூடு என்றார்கள். இளநீர் குடித்தார், வெந்தயம் விழுங்கினார். இரத்தம் போகத் தொடங்கிய பிறகு மனைவி ரபீகா அவரைக் கண்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்த டொக்டரம்மா, பெருங்குடலில் புண் என்றார். புற்றுநோய் இல்லை, தொற்றாது. ஆனால் முழுதாக விட்டும் போகாது, மருந்தோடு காலம் தள்ளலாம் என்றார். எழும்பப் போகையில், "நித்திரை வருதா? மனசுல பயம் இருக்கா?" என்று கேட்டார்.

"பயமா? எனக்கா?" ஹாஜியார் சத்தமாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு திரும்பி வரும் வழியில் பேராதனை வரைக்கும் தாங்கவில்லை. வாகனங்கள் நெருக்கியடித்து நின்ற இடத்தில் வயிறு புரண்டது. வேட்டைக்கு அகப்பட்ட மிருகம்போல் காருக்குள் வியர்த்து ஒழுகினார். அன்றிலிருந்து அவருக்குத் தெருவென்றால் கக்கூஸ் உள்ள பெற்றோல் ஷெட்டும் பள்ளிவாசலும்தான். நடுவில் கிடப்பதெல்லாம் பாழ்வெளி. ஜும்ஆவுக்கு முதல் வரிசையில் நின்றவர் வாசலோரத்துக்கு வந்தார். வெளியே போகும் நாளில் பட்டினி கிடந்தார். யாராவது மெலிந்துவிட்டீர்களே என்றால், டயட் என்பார்.

இந்த நேரத்தில்தான் மகள் நுஸ்ஹாவின் கலியாணம். நிக்காஹ் கெலிஓயாவிலேயே முடிந்தது. பந்தி விசாரிக்கிற வாப்பா சாப்பிட்டாரா என்று யார் பார்ப்பது? தப்பிவிட்டார். ஆனால் மாப்பிள்ளை வீட்டு வலீமா விருந்து கண்டிக்கும் அப்பால் திகனயில், வியாழக்கிழமை. அங்கே பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வாப்பாவோடு ஒரே சஹனில் கை வைக்க வேண்டும். பெரிய தட்டம், சுற்றி ஆறு பேர், ஒரே சோறு. ஆறு பேரும் சாப்பிட்டு முடியும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது; அதுதான் மரியாதை.

"நுஸ்ஹாட வாப்பா, சம்மந்திட்ட நேரா சொல்லுங்களே," என்றாள் ரபீகா. "நோய்தானே வந்தீக்கி, களவா எடுத்தீக்கி?"

"சொன்னா? நாளைக்கி எங்கட புள்ள சஹன்ல கை வெச்சா மத்தவங்க கைய எடுத்துக்குவாங்க."

"தொத்தாதுண்டு டொக்டர் சொன்னாங்கதானே."

"டொக்டரா வந்து சஹன்ல குந்தப் போறாங்க?"

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். திங்கள், வியாழன் நோன்பு பிடிப்பது நல்ல காரியம். அதை யார் குறை சொல்ல முடியும்? சம்பந்தி றிஸ்வி ஹாஜியாருக்குப் போன் எடுத்தார். "வியாழக்கிழம நான் நோன்பு சம்மந்தி. விடுறதில்ல. நீங்க சாப்பாட்ட நடத்துங்க."

"மாஷா அல்லாஹ்! இவ்வளவு நாளும் வாயத் தொறந்து சொல்லல்லியே! அப்ப ஊருக்குப் பகல் சாப்பாடு, நம்மட சஹன் பொழுது பட்டு மக்ரிபு தொழுததுக்குப் பொறகு. நானும் நோன்பு பிடிக்கிறன். நோன்ப ஒண்டாத் தொறப்பம்."

போனை வைத்தார். தப்புவதற்குத் தோண்டிய குழியில் தானே விழுந்துவிட்டார். போதாததற்கு இன்னொருவரையும் பட்டினி போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை திகனயில் பகல் முழுக்கப் புரியாணி மணத்தது. றிஸ்வி ஹாஜியார் பருத்த மனிதர், சாப்பாட்டு ரசிகர். "மகன்ட வலீமாவில வாப்பா பட்டினியா? சூரியன் மேற்கால உதிச்சீக்கா?" என்று சொந்தக்காரர்கள் கிண்டலடித்தார்கள். காய்ந்த உதட்டோடு அவர் சிரித்தார். ஒவ்வொரு கிண்டலும் அரூஸ் ஹாஜியாருக்கு ஊசியாகக் குத்தியது. பகல் மாத்திரை சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வயிறு முறுக்கியது. கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்தி, சத்தம் வெளியே கேட்காமலிருக்கப் பைப்பைத் திறந்துவிட்டார். மறுபடியும் இரத்தம். யாரோ கதவைத் தட்டினார்கள். இப்படி ஒளிந்து வாழ்வதைவிடப் போய்ச் சேர்ந்துவிடலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. தனக்குள் இதுவரை வந்திராத நினைப்பு. இரத்தத்தைப் பார்த்து நடுங்காத அளவு அந்த நினைப்பைப் பார்த்து நடுங்கினார்.

கதவைத் திறந்தால் றிஸ்வி ஹாஜியார். "என்ன ஹாஜியார், முகமெல்லாம் வெளிறி! ஏலாட்டி நோன்ப விட்டுடுங்க. குத்தமில்ல."

"நான் நோன்பில்ல சம்மந்தி. சும்மா பட்டினி."

சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. புண், இரத்தம், மருந்து, பேராதனை, போன் எல்லாவற்றையும் சுவரைப் பிடித்தபடி கொட்டினார்.

"அப்ப நான் என்னத்துக்குப் பட்டினி கிடந்த?" றிஸ்வி ஹாஜியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நோன்ப வெச்சா பொய் சொல்ற?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "தொத்துமா?"

"இல்ல. அல்லாஹ் மேல சத்தியமா."

றிஸ்வி ஹாஜியார் தன் வலது கையை ஒருமுறை பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

மக்ரிபு வரைக்கும் அரூஸ் ஹாஜியார் கக்கூஸுக்கு முன்னாலிருந்த நடையிலேயே இருந்தார். உள்ளே ஆட்கள் மெதுவாகப் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தார். நுஸ்ஹாவின் சிரிப்புக் கேட்டபோது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

தொழுகை முடிந்ததும் அதே நடையில் பாய் விரித்து சஹனை வைத்தார்கள். ஓர் ஓரமாக மிளகாய் சேராத வெள்ளைச் சோறு. "இஞ்சால குந்துங்க, கதவடிக்கு," என்றார் றிஸ்வி ஹாஜியார். முகத்தில் கோபம் போகவில்லை. "மாப்புள்ளைக்கும் சொல்லிட்டன். மத்தவங்க கேட்டா நான் சொல்றன்."

மருமகன் ருஷ்தி தலையைக் குனிந்துகொண்டான். அரூஸ் ஹாஜியார் பிஸ்மி சொல்லிக் கையை வைத்தார். மற்றக் கைகளையே பார்த்தார். ருஷ்தியின் விரல் கொஞ்சம் தயங்கியது. தயங்கிப் பிறகு சோற்றுக்குள் போனது.

நாலு பிடி போவதற்குள் வயிறு புரண்டது. எழும்பினார். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கக்கூஸுக்குள் இருந்தபோது சஹனைச் சுற்றி யாரும் இருக்க மாட்டார்கள் என்றே நினைத்தார்.

வந்து பார்த்தால் ஐந்து பேரும் இருந்தார்கள், விரல்களில் சோறு காயக் காய. எழும்பப் பார்த்த கிழவர் ஒருவரை றிஸ்வி ஹாஜியார் அதட்டிக்கொண்டிருந்தார்: "குந்துங்க காக்கா! ஆள் வரல்லியே!"

அரூஸ் ஹாஜியார் கையைக் கழுவிக்கொண்டு வந்து குந்தினார். ஈரம் காயாத அந்தக் கையைச் சஹனுக்குள் நீட்டினார்.