எங்கள் பாலத்தைக் காப்பாற்றிய கதை

அந்த யோசனை எனக்கு உதித்தபோது என் வலது கால் பாலத்துப் பலகைகளுக்கு நடுவே முழங்கால்வரை இறங்கியிருந்தது. கீழே ஆறு. காலை உருவிக்கொள்ள இரும்புச் சட்டத்தைப் பிடித்தேன்; பெயின்ட் பொரிந்து கையோடு வந்தது. அதற்கடியில் ஆங்கில எழுத்துகள் புடைத்து நின்றன. ஏதோ வெள்ளைக்காரக் கம்பனியின் முத்திரை. வலி மறந்துபோயிற்று. கெம்பஸில் வரலாறு படித்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

ஆற்றோடு இரண்டு மைல் கீழே கொங்கிரீட் பாலம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் இதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பஸ்ஸுக்குப் போக எங்களுக்கு இதுதான் குறுக்குவழி. அம்மா இதில் நடந்துதான் ஆறரை பஸ்ஸைப் பிடித்து வத்தேகம டவுனில் புடவைக்கடை வேலைக்குப் போகிறார். சுற்றிப் போனால் பஸ் போய்விடும். பஸ் போனால் ஒருநாள் வேலையும் போய்விடும். பாலம் பழமையானது என்று நிரூபித்தால் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

"ஏண்டி, நம்ம ஆளுங்களுக்குப் பொறப்புப் பத்திரம் எடுக்கவே நாக்குத் தள்ளுது. நீ பாலத்துக்கு எடுக்கப் போறியா?" என்றார் அம்மா.

எடுத்தேன். வரலாறு ஒரே பக்கத்தில் அடங்கியது. தேயிலைப் பெட்டிகள் நனையாமல் அக்கரை சேர வேண்டுமென்று துரைமார் கட்டினார்கள். பெட்டிகள் லொறியில் ஏறிக்கொண்டதும் பாலத்தை எங்களுக்கு விட்டார்கள். அதன்பின் தேர்தலுக்குத் தேர்தல் யாராவது ஒருவர் வெள்ளி நிறம் பூசி, ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். இடையில் அது மூடியிருந்ததாக எவருக்கும் நினைவில்லை. பலகைகளை மாத்திரம் யாரும் மாற்றவில்லை. அவை போட்டோவில் விழாது.

கண்டியிலுள்ள தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதிப் போட்டேன். ஓர் அதிகாரி வந்தார், படமெடுத்தார், எங்கள் வீட்டில் பிளேன்டீ குடித்தார், என்னைப் பாராட்டினார். அந்தப் பெருமையில் நான் ஒரு மாதம் தரையில் நடக்கவில்லை. பிறகு பாலத்தின் இரு முனையிலும் கம்பி வேலி வந்தது. கேட் வந்தது, வாச்சர் வந்தார், அறிவித்தல் வந்தது: 'பாதுகாக்கப்பட்ட சின்னம். பார்வையாளர்களுக்கு மாத்திரம். பாதையாகப் பயன்படுத்தத் தடை.'

பாலம் காப்பாற்றப்பட்டுவிட்டது, எங்களிடமிருந்து.

"பாக்க வந்தா விடலாங்க்கா. வேலைக்குப் போறவங்கள விடக்கூடாதாம்" என்றார் வாச்சர்.

"கல்யாணம் கட்டி வந்த நாள்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் தம்பி போறேன்!" என்றார் அம்மா.

வாச்சர் சிரித்தார். கேட் திறக்கவில்லை. அந்த வாரம் அம்மா மூன்று நாள் பிந்தினார். இன்னொரு நாள் பிந்தினால் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. அம்மா என்னைத் திட்டவில்லை. "படிச்ச புள்ள" என்று மட்டும் லயம் முழுக்கச் சொல்லி வருகிறார். அதற்குத் திட்டே தேவலை.

அறிவித்தலை மறுபடி வாசித்தேன். பார்வையாளர் நுழைந்த வழியாகவே வெளியேற வேண்டும் என்று அதில் இல்லை. எனவே திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு லயத்துச் சனத்தைச் சுற்றுலா அழைத்துப் போகிறேன். வழிகாட்டி நான்தான். சோற்றுப் பார்சலைப் பைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளவும், நடுப்பாலத்தில் நின்று அண்ணாந்து ஆச்சரியப்படவும் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

"ஆச்சரியப்படுறதெல்லாம் சரி," என்கிறார் அம்மா, "வெரசாப் படணும். பஸ் நிக்காது."