கிடாரத்துக்கு ஈயம் பூசும் காலம்

ஆவணி விடுமுறை முடிந்து கடைசிப் பிள்ளையும் பஸ் ஏறிவிட்டால், வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் நின்ற அந்தப் பழைய வீட்டில் மிஞ்சுவது பேர்னாட்டும், எண்பது தகரக் கோப்பைகளும், எண்பது பாய்களும், சோறு சமைக்கும் மூன்று பெரிய பித்தளைக் கிடாரங்களும்தான். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில்காரர் துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக வருடத்தில் ஒரு மாதம் நடத்தும் விடுமுறை முகாம் அது. சண்டைக் காலத்தில் முகாம் என்ற சொல்லையே உரத்துச் சொல்லப் பயந்து, அயலவர்கள் 'பிள்ளையள் வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மற்றப் பதினொரு மாதமும் வீட்டைக் காப்பது பேர்னாட்டின் வேலை. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்ற மனுசன். கலியாணம் கட்டவில்லை. பாய்களை வெயிலில் போடுவார். பிள்ளைகள் பிடித்துக்கொண்டு அலையில் நிற்கும் நீளக் கயிற்றை உப்புப் போகக் கழுவுவார். ஆவணியில் குமுறுகிற கடல் தை மாதத்தில் சாதுவாய்க் கிடக்கும். குளிக்க ஒரு குஞ்சும் இராது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல் வரும்.

உண்மையில் எரிச்சல் கடலில் இல்லை. ஆவணிச் சமையலுக்கு வருகிற நேசம் மற்ற மாதங்களில் கொட்டாஞ்சேனையில், தமக்கை வீட்டில் இருந்தாள். புருசனை இழந்தவள், வாய்க்காரி. பிள்ளைகள் பேர்னாட்டைக் கூப்பிடுகிற மாதிரியே அவளும் 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவாள், நக்கலுக்கு. அவளிடம் ஒரு கேள்வி கேட்க மூன்று வருடமாக அவருக்கு வாய் வரவில்லை. வந்ததெல்லாம் ஈயம்.

பித்தளைக் கிடாரத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை உள்ளே ஈயம் பூசவேண்டும். பூசும்போது சமைக்கிறவள் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். ஐப்பசியில் பூசியாயிற்று. தை பிறந்ததும், "கிடாரத்திலை களிம்பு, உடனை வாரும்" என்று மறுபடி நேசத்துக்கு ஆள் அனுப்பினார்.

நேசம் வந்தாள். மருதானையிலிருந்து ஈயம் பூசுகிற தாஸிம் நானாவும் வந்தார். மூடியைத் திறந்த நானா உள்ளே தன் முகத்தையே பார்த்தார்.

"என்ன பேர்னாட், இது கண்ணாடி மாதிரி ஈக்கி. என்னத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்பின?"

"எனக்கெண்டால் பச்சையாத் தெரிஞ்சுது..."

"கண்ணுக்கு ஈயம் பூசுங்கோ நானா," என்றாள் நேசம். "ரெண்டு பஸ் மாறி, மூண்டு இடத்திலை அடையாள அட்டை காட்டி வந்தனான் அங்கிள்!"

அந்த நேரம் பார்த்து வாசல் படலை தட்டப்பட்டது. சுற்றிவளைப்பு. ஒரு சார்ஜன்டும் நாலு ஆமிக்காரரும் வீட்டுக்குள் வந்தார்கள். இந்த வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள் என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டான். நான் மட்டும்தான் என்றார் பேர்னாட். சார்ஜன்ட் அலுமாரியைத் திறந்தான். எண்பது கோப்பை. அறையைத் திறந்தான். எண்பது பாய். ஒரு தமிழனுக்கு!

பிள்ளைகளின் படங்களைக் காட்டி விளங்கப்படுத்துவதற்குள் பேர்னாட்டின் சேர்ட் நனைந்துவிட்டது. சார்ஜன்டின் முகம் சற்று இளகியது. தாஸிம் நானா யார் என்பதை அவருடைய ஈயமும் துருத்தியுமே சொல்லின. பிறகு அவன் நேசத்தைக் காட்டினான்.

"மே கவுத?"

இது யார் என்கிறான். வேறு பகுதி விலாசத்தோடு, காரணம் சொல்லத் தெரியாமல் நின்றால் பொலிஸுக்குக் கொண்டுபோகிற காலம். பளபளக்கிற கிடாரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்க்க வந்தவள் என்றால் யார் நம்புவான்? பேர்னாட்டின் வாய் அவரைக் கேளாமலே திறந்தது.

"மகே நோனா."

என் மனுசி! நேசத்தின் கண் இரண்டும் கிடார மூடியளவு விரிந்தன. சார்ஜன்ட் அவளுடைய அட்டையைப் பார்த்தான். மனுசி ஏன் கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள் என்றான். சண்டை பிடித்துக்கொண்டு தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார் பேர்னாட். பயத்தில் பொய் தண்ணீராய் ஓடியது.

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றினான். ஒரு மனுசன் எண்பது கோப்பையோடு தனியே இருப்பது பாவம் என்று நேசத்துக்குப் புத்தி சொன்னான். அடுத்த முறை தான் வரும்போது நோனா இங்கே இருக்கவேண்டும் என்று சிரித்தபடி போனான்.

தாஸிம் நானாதான் முதலில் வாயைத் திறந்தார். "சாட்சி தேவப்பட்டா நான் ஈக்கேன்."

நேசம் சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்தாள்.

"நேசம், பயத்திலை சொல்லிப்போட்டன். உம்மைக் கொண்டுபோடுவாங்களோ எண்டு..."

"பயத்திலை மட்டுந்தானோ?"

பேர்னாட் கயிற்றைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். "இல்லை," என்றார் ஒருவழியாக. "மூண்டு வருசமாச் சொல்ல இருந்தனான்."

"ஆமிக்காரனுக்குச் சொல்ல வாய் வருது. எனக்குச் சொல்ல வரேல்லை!" அவள் படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.

அந்தக் கிழமை முழுவதும் பேர்னாட் உலர்ந்த பாய்களையே திரும்பத் திரும்ப வெயிலில் போட்டார். சார்ஜன்ட் வந்தால் என்ன சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். அவள் ஆவணிக்கும் வராவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிது.

சனிக்கிழமை காலை படலையில் நேசம் நின்றாள். கையில் துணி சுற்றிய ஒரு சின்ன மண்சட்டி.

"பிழையா விளங்காதையுங்கோ," என்றாள். "எண்பது பேருக்குச் சமைக்கிற கிடாரத்திலை ரெண்டு பேருக்குச் சோறு வைக்கேலாது. சட்டி இங்கை இருக்கட்டும். நான் அதுவரைக்கும் அக்கா வீட்டை இருப்பன். நாளைக்குப் பாதரிட்டைச் சொல்லுங்கோ. மூண்டு ஞாயிறு கோயிலிலை எங்கடை கலியாண ஓலை வாசிச்சு முடியட்டும், பிறகு வாறன்."

"சார்ஜன்ட் வந்தால்?"

"மனுசி கோவம் ஆறி வருகுதாம், சட்டி முன்னுக்கு வந்திட்டுது எண்டு சொல்லுங்கோ."

பேர்னாட் படலையை அகலத் திறந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளை மறித்து, தானே அடுப்பை மூட்டி, பழக்கதோசத்தில் முகாமின் பெரிய தகரப் பேணியால் அரிசியை அள்ளி அந்தச் சட்டிக்குள் கொட்டினார். கொஞ்ச நேரத்தில் சோறு மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பெல்லாம் வழிந்தது.

நேசம் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "அள்ளி வெளியிலை எடும் பேர்னாட். இனி ரெண்டு பேருக்குத்தான்."