ஏழாம் மேஜையும் ஐஸ் இடுக்கியும்

குந்தியா ஒரு வாடிக்கையாளரின் விரலைக் கடித்துத் துப்பிவிட்டாள் என்று சலவைக்கடைக்காரி சொன்னாள். அவளுக்குக் காய்கறிக்காரி சொன்னாளாம். சாயங்காலத்துக்குள் அது இரண்டு விரலாகிவிட்டது.

குந்தியா எங்கள் எதிர் அறையில் குடியிருக்கிறாள். பிரேவெங் மாகாணத்திலிருந்து தலைநகர் புனோம்பென்னுக்கு வந்து, பதினோரு வருஷமாகப் பியர் தோட்டம் எனும் திறந்தவெளி மதுக்கடையில் வேலை. அவளை அங்கே அனுப்பிய பியர் கம்பெனியின் பச்சைச் சீருடை போட்டுக்கொண்டு அந்தக் கம்பெனி பியரை மட்டும் விற்க வேண்டும். கிளாஸில் ஐஸ் கரையக் கரைய இடுக்கியால் புதுத் துண்டு போட வேண்டும். கம்பெனி சட்டப்படி வாடிக்கையாளருடன் உட்காரக் கூடாது. தோட்டத்து முதலாளியின் சட்டப்படி உட்காராமல் இருக்கக் கூடாது. பதினோரு வருஷமும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இரண்டு சட்டத்தையும் காப்பாற்றி வந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். ஏழாம் மேஜையில் நிலத்தரகர் ஹொக் அவள் தொடையில் கை வைத்தார்.

"கையை எடுங்கண்ணே."

"எந்தக் கை? நானும் அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

மேஜை சிரித்தது. மூன்று தடவை சொல்லிப் பார்த்த குந்தியா, இடுக்கியால் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினாள். மேஜைமேல் வைப்பதாகத்தான் எண்ணம். பதினோரு வருஷப் பழக்கம், நேரே கிளாஸுக்குள் போட்டுவிட்டாள்.

"இந்தாங்கண்ணே, கிடைச்சிருச்சு."

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஹொக் முன்னால் கைகூப்பி மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுத்தால் வேறொரு பச்சைக்காரியை அனுப்பும்படி கம்பெனிக்குச் சொல்லிவிடுவார். ஹொக் மேல் அவள் கொடுக்கும் புகார் கம்பெனியில் பதிவாகிவிட்டால் மட்டும், விசாரணை முடிகிறவரை அவளை மாற்ற முடியாது. குந்தியா கம்பெனி மேற்பார்வையாளரிடம் போனாள்.

"சாட்சி கையெழுத்து வேணும் தங்கச்சி. கூட நின்ன பொண்ணு யாராவது."

"ஒரு தோட்டத்துக்கு ஒரு பச்சைதானே சார் அனுப்புறீங்க?"

"ஆமா."

"அப்ப யாரு கையெழுத்துப் போடுவா?"

"அதுக்குத்தான் படிவத்துல இடம் விட்டிருக்கோம்."

"போட்டிக் கம்பெனிச் சிவப்புக்காரி போட்டா செல்லுமா?"

"செல்லும். எந்தச் சிவப்புக்காரி போடுவா?"

குந்தியா சொல்லி அனுப்பியதன் பேரில் வெள்ளிக்கிழமை மதியம் அவள் அறைக்குச் சொக்லீப் வந்தாள். போட்டிக் கம்பெனிக்காரி. அதே தோட்டம், சிவப்புச் சீருடை, அன்று பக்கத்து மேஜையில் நின்றவள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, குந்தியா நீட்டிய புகார்ப் படிவத்தை வாங்கினாள்.

"என் ஆறாம் மேஜையைத் தட்டிக்கிட்டுப் போனவதானே நீ?"

"ரெண்டு வருஷம் ஆச்சுக்கா."

"நான் மறக்கலை. அன்னையிலேர்ந்து ஹொக் என் பியர்தான் குடிக்கிறான். இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கே நிறுத்திடுவான்."

"தெரியும்."

சொக்லீப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"போன மாசம் என்கிட்டயும் கையைத் தேடினான். அன்னைக்கு என் இடுக்கி வேற மேஜையில இருந்துது."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். "என்ன எழுதணும்?"

"பார்த்ததை."

"கிளாஸுக்குள்ள போட்டதையுமா?"

"அதையும்தான்."

சொக்லீப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். இரண்டாவது வரியில் இருக்கும்போது குந்தியாவின் கைபேசி அடித்தது. முதலாளி.

"எடுக்கலையாடி?"

"நீ எழுதுக்கா."

அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. தகரப் பெட்டிமேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. குந்தியா அதை நடுவில் தள்ளி வைத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.