பெற்றவள் ஊற்றிய தண்ணீர்

சட்டம் படிக்கும் என் பேத்தியும் அவள் தோழிகளும் கூடத்தில் உட்கார்ந்து காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான ஏழு வருடத்துக்குள் வரதட்சணைக் கொடுமைக்கு ஆளான பெண் செத்தால், பழி தன்மேல் இல்லை என்று கணவனே நிரூபிக்க வேண்டுமாம். அது நியாயமா, சாட்சியச் சட்டத்தையே தலைகீழாக்குகிறதா என்று வாதம். எனக்குப் பொறுக்கவில்லை; எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தச் சட்டம் இல்லை. நிரூபிக்கிற பாரம் முழுக்க எங்கள் பக்கம்தான் இருந்தது.

மொரப்பூருக்குப் பக்கத்து ஊரில் வாழப்போன என் அக்காள் வாந்திபேதியில் போய்விட்டதாக ஆள் வந்து சொன்னான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாடை தயாராக இருந்தது. எங்கள் பக்கத்தில், புகுந்த வீட்டில் பெண் செத்தால் பிறந்த வீட்டார்தான் தண்ணீர் ஊற்றிக் கோடிப் புடவை கட்ட வேண்டும். கழற்றிய புடவை துணி வெளுப்பவருக்குப் போகும். புடவை மறைப்புக்குள் அம்மாதான் குளிப்பாட்டினாள். தலையைத் தூக்கியபோது கழுத்தின் இரண்டு பக்கமும் கருநீலமாகக் கன்றியிருந்ததாம். மகள் தூக்கு மாட்டிக்கொண்டாள் என்றே நினைத்துவிட்டாள். வெளியே தெரிந்தால் போலீஸ் வரும், உடம்பை அறுப்பார்கள், ஊர் வாய்க்கு வந்ததைப் பேசும். மஞ்சளை அள்ளிக் கழுத்தில் தடிமனாக அப்பினாள். பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோதுதான் விஷயம் வேறு என்று புரிந்தது. கயிறு என்றால் ஒரே தடமாகக் காதுப் பக்கம் ஏறியிருக்கும். அம்மா பார்த்தது விரல் தடம். அப்பா ஸ்டேஷனுக்கு ஓடினார். போலீஸ் போவதற்குள் சாம்பலும் கரைத்தாகிவிட்டது, புடவையும் வெள்ளாவியில் வெந்துவிட்டது. அக்காள் புருஷன் மேல் கேஸ் நின்றதே அம்மா கண்ணால் பார்த்த அந்த ஒன்றை நம்பித்தான். கோர்ட்டு அவளை நம்பாவிட்டால் அக்காள் வாந்திபேதியில் செத்தவள்தான்.

சேலத்துக் கோர்ட்டில் அவன் தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

“பொணத்தைக் குளிப்பாட்டினது யாரும்மா?”

“நாந்தாங்க. பெத்தவ ஊத்தாம வேற யாருங்க ஊத்துவாங்க?”

“தடம் இருந்துச்சுன்னு சொல்றீங்க. அது மேல மஞ்சள் பூசினது?”

“அதும் நாந்தாங்க.”

“யாரும் பாத்துடக் கூடாதுன்னா?”

அரசு வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்குப் பொய் வராது.

“ஆமாங்க,” என்றாள்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனை விடுதலை செய்துவிட்டார்கள். அவனை மாமா என்று கூப்பிட்ட வாய் எனக்கு இன்றும் கசக்கிறது. நீதிபதியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் கழுத்தும் இல்லை, தடமும் இல்லை.

அடுத்த தையில் அவனுக்கு இரண்டாம் கல்யாணம் நிச்சயமானது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனாள். இன்னார் என்று தெரிந்ததும் பெண்ணின் தாய் சீறினாள்.

“கோர்ட்டே வுட்ட மனுசனுங்க அவரு. நல்ல காரியம் நடக்கற வூட்டு வாசல்ல வந்து நிக்கறீங்களே, நல்லாருக்குதா?”

“கல்யாணத்த நிறுத்துங்கன்னா நீங்க கேக்கப்போறதில்லீங்க,” என்றாள் அம்மா. “நாளைக்கு உங்க பொண்ணு போயிட்டான்னு ஆள் வந்து சொன்னா, தண்ணி மட்டும் ஊத்திராதீங்க.”