தொப்பம்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு, வெறும் வயிற்றோடு

இந்த 2009 ஆடி மாதத்தில் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல. அவருடைய பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க. இதே சோதனைக்கு வீட்டில் யாரையாவது அழைத்துப்போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பெருங்குடல் புற்றுநோயில் அப்பா இறந்தபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது. மலத்தில் வந்த ரத்தத்தை மூலம் என்றே வெகுநாள் நம்பியிருந்தார். பத்து வருடம் கழித்து அவருடைய தம்பியும் போனில் அதையே சொன்னார்: "வெறும் மூலச்சூடு அம்மிணி." அந்த வாரமே ஆய்வுக்கூடத்தில் லீவு போட்டேன்.

தொப்பம்பட்டியிலிருந்து பழனி முக்கால் மணி நேரம். அங்கே பஸ் மாறி, ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் சுமார் அறுபது கிலோமீட்டர். சித்தப்பா உட்கார்ந்ததும் இருவர் சீட்டில் எனக்குக் கால்வாசிதான் மிஞ்சியது.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணரை டிக்கெட் போடணும்" என்றார் கண்டக்டர்.

"எங்க வம்சமே இப்படித்தானுங்க. காத்தக் குடிச்சாலும் ஒடம்பு ஏறும்" என்ற சித்தப்பா, என் பக்கம் திரும்பினார். "ஜீன்ல இருக்கறத நீ என்ன பண்ணுவ அம்மிணி?"

என் ஆய்வே அதுதான். உடல் பருமனோடு தொடர்புள்ள மரபணுக்கள், குடலில் தொடங்கிய புற்றுநோயை எப்படி முன்னேற விடுகின்றன? கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. லெப்டின் போன்ற சுரப்புகளை ரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. போதும், சாப்பிடாதே என்று மூளைக்குப் போகும் அந்தச் செய்தியை, குடலில் தடம் மாறிய செல்கள் வளரச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக்கூடும். எந்த மரபணுவுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பது இன்னும் தெளிவாகவில்லை. பஸ்ஸில் இவ்வளவும் சொல்லவில்லை.

"ஜீனை மாத்த முடியாது சித்தப்பா. உள்ள கட்டி இருந்தா எடுத்துரலாம்" என்றேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ் எடுத்தோம், ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய். அன்று முழுக்க இளநீரும் வடிகட்டிய கஞ்சித் தண்ணீரும்தான். சாயங்காலம் பேதிப் பவுடர் கரைத்த இரண்டு லிட்டர் தண்ணீரை, என்னைத் திட்டிக்கொண்டே குடித்து முடித்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், மயக்க மருந்து கொடுக்கும் முன் நர்ஸ் கேட்டார்: "ஏதாச்சும் சாப்ட்டீங்களாய்யா?"

"பல்லுல பச்சத்தண்ணி படலீங்க. லாட்ஜ்லேர்ந்து கெளம்பறப்ப முருகன் பிரசாதம் மட்டும், நாலு வாய்."

பழனியில் பஸ் மாறும்போது அவர் வாங்கிய பஞ்சாமிர்த டப்பா! நானும் பார்த்தேன், வீட்டுக்கு என்று நினைத்தேன். நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். "பழம், பேரீச்சை அம்புட்டும் வயித்துக்குள்ள! இன்னிக்கி முடியாது. நாளைக்கி வாங்க."

"பிரசாதம் சாப்பாட்டுக் கணக்குல வருமாங்க?" சித்தப்பாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. புரிந்ததும், இன்னொரு முறை அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது என்று பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார். அன்று விட்டால் அவர் மறுபடி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். பழனி பஸ்ஸின் படிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கீங்கல்ல சித்தப்பா. பிரசாதம் எப்ப சாப்பிடுவீங்க?"

"முடிச்சுட்டுத்தான்."

"இதையும் இன்னும் முடிக்கல."

பஸ் உறுமிக்கொண்டிருந்தது. "ஏறுறதுன்னா ஏறுங்கப்பா, வழியை விடுங்க" என்று கண்டக்டர் கத்தினார். சித்தப்பா என்னையே பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீயே வெச்சுக்க. உங்கப்பன் பிடிவாதம் அப்படியே இருக்குது. அதுவும் ஜீன்தானா?"

அடுத்த நாள் சோதனை நடந்தது. மூலமும் இருந்தது. அதற்கு மேலே, காம்போடு ஒரு சதைக்கட்டியும் இருந்தது. அங்கேயே வெட்டி எடுத்தார்கள். இன்னும் புற்றாக மாறவில்லை என்று ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. விட்டிருந்தால் மாறியிருக்கக்கூடும் என்றார் டாக்டர்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முந்தைய நாளே போய், குளியலறை சேர்ந்த அறையாக எடுங்கள். பவுடரைக் குடித்துவிட்டுப் பஸ் ஏற முடியாது. குடும்பத்தில் ஒருவருக்கு இளவயதில் வந்திருந்தால் மற்றவர்கள் எப்போது பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். "ஏதாவது சாப்பிட்டீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள், "பிரசாதம்?" என்று தனியாகக் கேளுங்கள்.

நானும் டாக்டரிடம் கேட்டேன். அப்பாவுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே பார்த்துவிட வேண்டுமாம், அப்படியென்றால் எனக்கு இந்த வருடமே. தேதி வாங்கிவிட்டேன். துணைக்குச் சித்தப்பா வருகிறார். டப்பா அவர் பொறுப்பு.