கூட இருந்தது யார்?

ஏற்காடு மலைப்பாதையில் நான் போன பஸ் கவிழ்ந்து என் இடுப்பெலும்பு முறிந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தேன். காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை செய்த எனக்குச் சொந்தபந்தம் கிடையாது.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது என் வக்கீல் சொன்னார்: "கூட இருந்து பார்த்துக்கிட்டவங்களுக்கும் தனியாப் பணம் கேக்கலாம்மா. அப்படி ஆரு இருந்தாங்க?"

"எனக்கு ஆருமில்லீங்க," என்றேன்.

இருந்தாலும் அவர் அந்தப் பணத்தையும் சேர்த்தே கேட்டிருந்தார். கோர்ட்டில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். "உங்களைப் பார்த்துக்க யாருமே இல்லை, சரிதானே?"

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மா நினைவுக்கு வந்தார். குப்பனூர்க்காரர். மகளுக்குத் தலைவாரிவிட்டு, அதே சீப்போடு என்னிடம் வருவார். "தலைய இப்படித் திருப்பு கண்ணு, நொம்ப சிக்கா இருக்குது," என்பார். என் படுக்கையில் மலம் அள்ளியதும் அவர்தான்.

"ஒரு அக்கா இருந்தாங்க, ஐயா," என்றேன்.

பேரைக் கேட்டார்கள். அக்கா என்றே கூப்பிட்டதால் எனக்குத் தெரியவில்லை. நஷ்டஈடு கிடைத்தது, கூட இருந்தவருக்கான தொகையை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

இன்றும் தனியாகத்தான் பொங்கித் தின்கிறேன். ஆனால், எனக்கு யாருமில்லை என்று அதன்பிறகு யாரிடமும் சொன்னதில்லை.