வடிவின் ஐந்நூறு தொடர்புகள்

முக்கூடலில் பேச்சிராஜ், பேச்சிமுத்து என்று அண்ணன் தம்பி இருவர். இரண்டு வீட்டிலும் தலைச்சன் பெண்ணாகப் பிறந்தது. இரண்டுக்கும் குலசாமியின் பெயரையே வைத்தார்கள். சாமி பெயரை யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது? அதனால் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு சுடலைவடிவுகள் வளர்ந்தார்கள். பள்ளிச் சான்றிதழிலும் இருவரும் பே. சுடலைவடிவுதான். வீட்டில் மட்டும் பெரியவடிவு, சின்னவடிவு. இருவரும் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தார்கள். பெரியவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆலையில் தரப் பரிசோதனை வேலைக்குப் போனாள். மூன்று வருடம் கழித்து மஞ்சள் காமாலையோடு ஊருக்கு வந்தவள், பதினோராம் நாள் இறந்துபோனாள்.

சின்னவடிவுக்கு இப்போது இருபத்தாறு வயது. கங்கைகொண்டானில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஆலையில் ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுத்துப் பார்த்து, கழன்று வராவிட்டால் பச்சைப் புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு கட்டுகள். அதிகம் பேசமாட்டாள். பன்னிரண்டு வயது முதல் பதினேழு வரை அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றியவள் என்பதால் விரல்களில் நிதானம் உண்டு. மார்ச் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பு கிடையாது என்று பிப்ரவரியில் சொல்லிவிட்டார்கள். வேறு வேலை அமையாவிட்டால் திரும்பவும் பீடித்தட்டுதான். அந்தத் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்த ஐந்து வருடத்தை நினைத்தாலே அவளுக்கு முதுகு வலித்தது.

பக்கத்து மேசையில் வேலை பார்த்த மேலப்பாளையத்து ஷஃபீகாதான் வேலைத் தொடர்புகளுக்கான அந்த இணையதளத்தைப் பற்றிச் சொன்னாள். சின்னவடிவு அதில் தனக்கொரு பக்கம் தொடங்கினாள். ஒரு வாரம் கழித்துச் சாப்பாட்டு இடைவேளையில் ஷஃபீகா அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஏ புள்ள, ஒன் தொடர்புல மொத்தமே பதினோரு பேருதான் இருக்காவ. அதுலயும் ரெண்டு கணக்கு என்னோடதுதான். இதப் பாத்து எவன் வேலைக்குக் கூப்புடுவான்?"

இருவரும் பத்து நாள் அந்தப் பக்கத்தைச் சீர்செய்தார்கள். கேன்டீனின் வெள்ளைச் சுவரில் சாய்த்து ஷஃபீகா படம் எடுத்தாள். 'வேலை தேடுகிறேன்' என்றிருந்த தலைப்பை அழித்து 'வாகன ஒயரிங் தரப் பரிசோதகர்' என்று போட்டார்கள். செய்த வேலையை எண்களோடு எழுதினார்கள். ஆனாலும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

தன் பக்கம் தேடலில் எங்கே வருகிறது என்று பார்க்கப் பெயரை அடித்தபோது, முதலில் வந்தது பெரியவடிவு. நீலத் தாவணியில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்நூறுக்கு மேல் தொடர்புகள். அதில் பலர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள்.

"யாருட்டி இது?" என்றாள் ஷஃபீகா.

"எங்க அக்கா. செத்துட்டா."

ஷஃபீகா அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அதே பேரு, அதே படிப்பு, அதே வேலை. அவ போன் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

போன் பெரியம்மா முத்துராணியிடம் இருந்தது. மகளின் படங்கள் உள்ளே இருப்பதால் அவள் அதை இரண்டு வருடமாகத் தினமும் சார்ஜ் போட்டு, உயிரோடு வைத்திருந்தாள். படங்களைப் பிரதி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவடிவு அதை வாங்கினாள். அக்காவின் பக்கம் அதில் திறந்தே கிடந்தது. நீலத் தாவணிப் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தை வைத்தாள். ஸ்ரீபெரும்புதூருக்குக் கீழே கங்கைகொண்டானைச் சேர்த்தாள். தன் போனிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மொத்தத்தையும் ஒருமுறை வாசித்தாள். ஒரே ஆள் வாழ்ந்த வாழ்க்கையைப் போலத்தான் இருந்தது. எங்கே ஒருத்தி முடிந்து இன்னொருத்தி தொடங்குகிறாள் என்று அவளாலேயே விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை.

மூன்று நாளில் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள். அக்காவின் பழைய ஆலைக்காரர்கள் எழுதத் தொடங்கினார்கள். 'வடிவு, நீ செத்துட்டேன்னு ஒருத்தன் கெளப்பி விட்டுட்டான், அவன உதைக்கணும்.' 'எங்க போயிட்ட?' 'கொஞ்சம் இளைச்சிருக்க, மத்தபடி முகம் அப்படியே இருக்கு.' இந்தக் கடைசி வரியை ஐந்தாறு பேர் எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு வட்ட முகம், மாநிறம். சின்னவடிவு கறுப்பு, தாடை நீளம். இருவரையும் பார்த்து ஊரில் ஒருவரும் ஜாடை சொன்னதில்லை. அவள் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று பார்த்தாள். தன் முகம்தான். ஆனாலும் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஓசூரில் ஒரு நிறுவனத்திலிருந்து ஃபஹ்மிதா என்ற அதிகாரி பக்கத்தைப் பார்த்து எழுதினாள்; சின்னவடிவு கொடுத்த தன் எண்ணில் அழைத்து நேர்காணல் செய்தாள். "ஸ்ரீபெரும்புதூர் ஆலையில நாலாவது லைன்ல, சர்க்யூட் போர்டு சால்டரிங் குறைகளைப் பாதியா குறைச்சதா போட்டிருக்கீங்க. எப்படிச் செஞ்சீங்க?"

அது அக்காவின் வரி. சின்னவடிவுக்கு அந்த வரிக்கு மேல் எதுவும் தெரியாது. மன்னிப்புக் கேட்டு வைத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"காலை ஷிப்ட்லதான் குறை அதிகம் மேடம். ராத்திரி ஏசிய அணைச்சிருவாங்க, போர்டுல ஈரம் ஏறிரும். லைன் ஆரம்பிக்கறதுக்கு முன்னால போர்டுகளைச் சூடு பண்ணி எடுத்தோம்."

"நல்லது," என்றாள் ஃபஹ்மிதா. "உங்க பழைய சூப்பர்வைசரும் இதையேதான் சொன்னார்."

சின்னவடிவு போனை வைத்தாள். அக்கா எப்போதாவது இதைச் சொல்லியிருப்பாளோ என்று யோசித்தாள். விடுமுறைக்கு வந்தால் அவள் தூங்குவாள், எழுந்து சாப்பிடுவாள், திரும்பவும் தூங்குவாள். வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் வேலை உறுதியானது. ஏப்ரல் ஐந்தாம் தேதி ஓசூரில் சேர வேண்டும்.

அந்த வாரம் அக்காவின் இரண்டாம் வருடத் திதி. என்ன வாங்க வேண்டும் என்று கேட்கப் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். மகளின் படத்துக்கு முன்னால் போன் இருந்தது. அதன் பக்கத்தில் ஆறிப்போன காப்பி.

"என்னத்துக்குட்டி திதி?" என்றாள் பெரியம்மா. "இருக்கவளுக்கு யாராவது திதி குடுப்பாவளா? எஸ்டேட்டு வேலைய விட்டுட்டு வர வேண்டாம்னு ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"பெரியம்ம..."

"இங்கன பாரு. விடிஞ்சதுலருந்து ஒம்பது தடவ அடிச்சிட்டு. ரெண்டு வருசமா ஊமையா கெடந்தது. நேத்து ஒரு பையன் பேசுதான், வடிவக்கா இருக்காவளான்னு கேக்கான். செத்தவள அப்படி எவனாவது கேப்பானா?"

"நீ என்ன சொன்ன?"

"குளிக்கப் போயிருக்கான்னேன்."

சின்னவடிவு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். படங்களுக்காக என்று பொய் சொல்லிப் போனை வாங்கியதைச் சொன்னாள். தன் படத்தை வைத்ததைச் சொன்னாள். பெரியம்மா காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒனக்குச் சின்னதுலருந்தே அவ மேல ஒரு எரிச்சல்தான். அவளுக்கு வேல கெடச்சிருச்சுன்னதும் வயிறு காந்துதோ? போடி அங்கிட்டு."

அன்று மாலை வரை சின்னவடிவு யோசித்தாள். பேசாமல் ஓசூருக்குப் போய்விடலாம். அப்படிப் போனால் பெரியம்மா தினமும் காப்பி வைத்துக்கொண்டே இருப்பாள். பக்கத்தை வெறுமனே மூடிவிடலாம். அப்போதும் அந்த ஐந்நூறு பேர் அக்கா உயிரோடு இருப்பதாகவே நினைத்துப் போன் செய்வார்கள். அவர்களுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். அப்பாவிடமிருந்த இறப்புச் சான்றிதழின் நகலைப் படம் எடுத்து, இறந்தவர்களைப் பற்றி அந்த இணையதளத்துக்குத் தெரிவிக்கும் படிவத்தில் ஏற்றினாள். பே. சுடலைவடிவு, பெண், காலமானார். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது ஓசூர் வேலை போகிறது என்று தெரிந்தேதான் அழுத்தினாள்.

ஒன்றை மட்டும் அவள் கவனிக்கவில்லை. பக்கத்தை நீக்க வேண்டுமானால் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். இறப்புச் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் அது நினைவுப் பக்கமாகிப் பூட்டிக்கொள்ளும்; அதன்பின் யாரும் எதையும் மாற்ற முடியாது. முதலில் தன் படத்தை அதிலிருந்து நீக்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஷஃபீகா அழைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அல்லாவே, ஒன் மூஞ்சிய வச்சு நீ மவுத்தாயிட்டேன்னு போட்டிருக்குட்டி!"

கேன்டீன் சுவரில் சாய்ந்து நிற்கும் தன் முகத்துக்கு மேலே 'நினைவாக' என்று இருந்தது. கீழே இரங்கல்கள். 'போன வாரம்தானே பேசினோம்.' 'நல்ல மனசு.' 'அந்தக் கண்ணை மறக்க முடியாது.' சின்னவடிவு அத்தனையையும் வாசித்தாள். இடையில் ஓசூர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"இந்த நம்பர்ல பேசுறது யாரு?" என்றாள் ஃபஹ்மிதா.

"சுடலைவடிவு மேடம்."

 தொடர்பு அறுந்தது.

நடந்ததையெல்லாம் நீளமாக எழுதி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'பாதிதான் நம்புகிறேன். அவர் வேறு, நீங்கள் வேறு என்று உங்கள் ஊர் அலுவலகத்தில் கடிதம் வாங்கி அனுப்புங்கள். நேர்காணலை முதலிலிருந்து வைக்கலாம். உங்கள் சொந்த அனுபவம் மட்டும்.'

கிராம நிர்வாக அலுவலர் பெருமாள்ராஜ் கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார். "செத்ததுக்குத்தாம்மா சான்றிதழ் இருக்கு. உயிரோட இருக்கேன்னு பென்சன்காரவுகதான் வந்து நிப்பாவ. சரி, எழுதித் தாரேன். ஆனா செத்த பிள்ளையோட வீட்டுலருந்து ஒருத்தர் கையெழுத்து போடணும்."

நினைவுப் பக்கமான நாளிலிருந்து பெரியம்மாவின் போன் அடிக்கவில்லை. பெரியம்மாவும் சின்னவடிவோடு பேசவில்லை. சின்னவடிவு வாசலில் நின்று கையெழுத்து வேண்டும் என்று கேட்டதும், பெரியம்மா தலையை வாரி முடிந்துகொண்டு அவளோடு நடந்தாள்.

அலுவலர் வாசித்தார். "பே. சுடலைவடிவு என்பவர் காலமானார். அதே பெயருடைய அவரது சித்தப்பா மகள் உயிருடன் உள்ளார்."

"மாத்தி எழுதும்," என்றாள் பெரியம்மா.

"எதம்மா மாத்த?"

"இருக்கவள மொதல்ல எழுதும். போனவள பொறவு எழுதும்."

முணுமுணுத்துக்கொண்டே அவர் வேறு தாள் எடுத்தார். எழுதி முடிக்கும்வரை பெரியம்மா சின்னவடிவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, முத்துராணி என்று போட்டாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஃபஹ்மிதா அழைத்தாள். ஒயர் கட்டுகளைப் பற்றி நாலைந்து கேள்விகள் கேட்டாள். சின்னவடிவு பதில் சொன்னாள். பிறகு சால்டரிங் பற்றி ஒன்று கேட்டாள்.

 வேறு யாருடைய பதிலாவது நாக்கில் வருகிறதா என்று சின்னவடிவு காத்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை.

"அது எனக்குத் தெரியாது மேடம்," என்றாள்.